ஊசியும் தாளும் எழுதிய கடிதங்கள்



வரலாறு என்ற சொல்லைக் கேட்டதும் அரசர்களின் பெயர்களும் போர்கள் நடந்த ஆண்டுகளும் உங்கள் நினைவுக்கு வரும். அவற்றை மனப்பாடம் செய்யச் சொல்லி மாணவர்களை வாட்டிய ஆசிரியர் கூட்டத்தில் நானும் ஒருவன். ஆனால் இன்று நான் பேச வந்திருப்பது அரசரைப் பற்றியும் அன்று. போரைப் பற்றியும் அன்று. கையால் செய்யும் வாழ்த்து மடல், கையால் தைக்கும் சிறு பரிசு ஆகிய இரண்டைப் பற்றியே பேசப் போகிறேன். 'இவற்றுக்கும் ஒரு வரலாறு உண்டா?' என்று உங்களுள் சிலர் நகைக்கலாம். முன்னொரு காலத்தில் நானும் அவ்வாறே நகைத்திருப்பேன்.

என் மேசை இழுப்பறையில் ஒரு சுருக்குப் பை இருக்கிறது. ஆசிரியப் பயிற்சிக்காக நான் முதன்முதலாக ஊரை விட்டுப் புறப்பட்டபோது, என் தாயார் தம் பழைய சேலையின் கரையை வெட்டி அதைத் தைத்துக் கொடுத்தார். அவர் எழுதப் படிக்கக் கற்றவர் அல்லர். பிற மாணவர்களுக்கு வீட்டிலிருந்து கடிதம் வரும், எனக்கு வராது. பையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அதன் தையலை விரலால் தடவிப் பார்ப்பேன். சில இடங்களில் தையல் நெருக்கமாக இருக்கும்; சில இடங்களில் விளக்கு மங்கியதாலோ கண் அயர்ந்ததாலோ கோணிப் போயிருக்கும். அந்தப் பைதான் என் தாயார் எனக்கு எழுதிய கடிதம் என்பது எனக்கு வெகு காலத்திற்குப் பிறகே விளங்கிற்று. எழுத வாய்ப்பு இல்லாதவர்கள் ஊசியாலும் கத்தரிக்கோலாலும் எழுதிய கடிதங்கள் உலகில் பல உண்டு. அவற்றின் கதையையே இன்று சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் வாழ்த்து மடலை எடுத்துக்கொள்வோம்.

இங்கிலாந்தில் 1840-ஆம் ஆண்டுக்கு முன்பு ஒருவருக்குக் கடிதம் அனுப்புவது எளிய செயல் அன்று. அது செல்லும் தூரத்தையும், அதில் உள்ள தாள்களின் எண்ணிக்கையையும் கணக்கிட்டுக் கட்டணம் விதிப்பார்கள். அக்கட்டணத்தைப் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே கொடுக்க வேண்டும். உறை ஒன்றை இட்டால் அதுவும் ஒரு தாளாகவே கணக்கிடப்படும். இந்நிலையில் தொலைவில் உள்ள நண்பருக்கு அழகிய மடல் ஒன்றை அனுப்பினால், அது அவர் தலையில் சுமத்தும் செலவாக முடிந்துவிடும் அல்லவா? ரௌலண்டு ஹில் என்பவர் இக்குறையை ஆராய்ந்து, 1837-இல் அஞ்சல் சீர்திருத்தம் பற்றிய சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். அதன் பயனாக 1840-ஆம் ஆண்டு சனவரி 10-ஆம் நாள் முதல், குறிப்பிட்ட எடைக்கு உட்பட்ட கடிதம் நாட்டின் எந்த மூலைக்கும் ஒரு பென்னிக் கட்டணத்தில் செல்லலாயிற்று. அதே ஆண்டு மே மாதத்தில் உலகின் முதல் அஞ்சல் தலையும் வெளிவந்தது. பணியாளும் தொழிலாளியும் தம் உறவினருக்குக் கடிதம் எழுத வழி பிறந்தது. வாழ்த்து மடலின் வரலாற்றில் இதுவே பெரிய திருப்பம்.

அதற்கு முன்பு மடல்களே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தன. பிப்ரவரி 14-ஆம் நாள் கொண்டாடப்படும் வாலன்டைன் நாளுக்காக இளைஞர்கள் தாங்களே தாளை மடித்தும், ஊசியால் குத்திச் சித்திரம் அமைத்தும், கத்தரியால் பூ வேலை செய்தும் மடல்களை ஆக்கினர். ஒரு மடிப்பைத் திறந்தால் ஓர் அடி, மறு மடிப்பைத் திறந்தால் அடுத்த அடி என்று புதிர்போல் அமைந்த மடல்களும் உண்டு. செய்யுள் இயற்ற வராதவர்களுக்கு உதவுவதற்கென்றே ஆயத்தச் செய்யுள்கள் அடங்கிய நூல் ஒன்று 1797-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. பிறர் எழுதிய கட்டுரையைப் பார்த்து எழுதும் வழக்கம் நம் வகுப்பறையில் தோன்றியதன்று என்பதை இதனால் அறியலாம்!

1843-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் ஹென்றி கோல் என்ற அரசாங்க அலுவலர் ஒருவர் வாழ்ந்தார். ஒரு பென்னி அஞ்சல் திட்டத்தை நிறைவேற்ற உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். கிறிஸ்துமஸ் நாளில் தமக்கு வந்து குவியும் கடிதங்களுக்கெல்லாம் தனித்தனியே விடை எழுத அவருக்கு நேரம் போதவில்லை. ஆகவே ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரையச் செய்து, அதைக் கல்லச்சில் பதிப்பித்தார். உலகில் வணிக நோக்குடன் அச்சான முதல் கிறிஸ்துமஸ் மடல் அதுவே என்பர். நடுவில் ஒரு குடும்பத்தார் விருந்துண்ணும் காட்சி. இருபுறமும் ஏழைகளுக்கு உணவும் உடையும் வழங்கும் காட்சிகள். விருந்துக் காட்சியில் ஒரு சிறு குழந்தைக்கும் திராட்சை மது புகட்டுவதாக வரைந்திருந்தமையால் மதுவிலக்கு அன்பர்கள் சினங்கொண்டனர்.

நாம் கவனிக்கத்தக்க செய்திகள் இரண்டு. ஒன்று, படம் அச்சில் பதிந்ததே தவிர, வண்ணம் கையால்தான் தீட்டப்பட்டது. மற்றொன்று, அதன் விலை ஒரு ஷில்லிங். அக்காலத்தில் ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி. கடிதத்தை நாட்டின் கோடிக்கு அனுப்ப ஒரு பென்னி போதும். அதனுள் வைக்கும் மடலுக்கோ பன்னிரண்டு பென்னி! அஞ்சல் ஏழைக்கு எட்டியது. அச்சிட்ட மடல் இன்னும் எட்டவில்லை. ஆகவே எளியவர்கள் தங்கள் கையையே நம்பினார்கள்.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நடந்ததை இனிப் பார்ப்போம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து உஸ்டர் நகரில் எஸ்தர் ஹௌலண்டு என்ற பெண்மணி 1828-இல் பிறந்தார். 1847-இல் மவுண்ட் ஹோலியோக் மகளிர் கல்லூரியில் படிப்பை முடித்தார். அவர் தந்தையார் புத்தகமும் எழுதுபொருளும் விற்கும் கடை வைத்திருந்தார். இங்கிலாந்திலிருந்து வந்த வாலன்டைன் மடல் ஒன்றைக் கண்ட எஸ்தர், இதைவிட நன்றாக நாமே செய்யலாமே என்று எண்ணினார். சரிகைபோல் பூ வேலை செய்த தாள்களை வரவழைத்து, வண்ணப் படங்களை வெட்டி ஒட்டிச் சில மாதிரிகளை ஆக்கினார். அவற்றை அவருடைய தமையனார் கடை கடையாகக் கொண்டு சென்றார். இருநூறு டாலர் அளவுக்கு விற்பனை கிடைத்தால் போதும் என்று எதிர்பார்த்த தங்கைக்கு, ஐயாயிரம் டாலருக்கு மேற்பட்ட வேண்டுதல்களுடன் அவர் திரும்பி வந்தார்.

ஒருவர் கை செய்து முடிக்கக் கூடிய வேலையா அது? எஸ்தர் தம் தோழியரையும் அக்கம்பக்கத்துப் பெண்களையும் கூலிக்கு அமர்த்தினார். ஒருத்தி படங்களை வெட்டுவாள்; மற்றொருத்தி பின்னணித் தாளை அமைப்பாள்; மூன்றாமவள் ஒட்டுவாள். இவ்வாறு வேலையைப் பங்கிட்டு, வீட்டின் ஓர் அறையையே தொழிற்கூடமாக்கினார். கல்லூரி மாணவர்களே, பொருளாதாரப் பாடத்தில் நீங்கள் படிக்கும் தொழிற்பகுப்பு ஓர் அன்பு மடலுக்குள்ளும் புகுந்துவிட்ட விந்தையைப் பாருங்கள்! எஸ்தர் அம்மையார் பின்னர் அத்தொழிலைப் பிறருக்கு விற்றுவிட்டு, 1904-இல் காலமானார்.

இங்கே நேர்மையாக ஒரு வினாவை எழுப்ப வேண்டும். அந்த மடல்களும் கையால் செய்தவைதாம். ஆனால் யாருடைய கை? மடலை அனுப்பியவருடைய கை அன்று. நாள் முழுவதும் ஒரே மாதிரிப் பூவை வெட்டிக் கூலி பெற்ற ஒரு பெண்ணின் கை. ஆகவே 'கையால் செய்தது' என்று சொன்ன அளவிலேயே ஒரு பொருளுக்குச் சிறப்பு வந்துவிடாது. யார், யாருக்காக, எந்த மனத்துடன் செய்தார் என்பதையும் கேட்க வேண்டும்.

எஞ்சியிருந்த கைவேலையையும் இயந்திரம் விரைவில் எடுத்துக்கொண்டது. லூயி பிராங் என்பவர் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிப் பாஸ்டன் நகரில் அச்சகம் நடத்திவந்தார். வண்ணத்திற்கு ஒன்றாகப் பல கற்களை அமைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து, ஓவியம் போலவே தோன்றும் மடல்களை அவர் அச்சிட்டார். 1870-களின் நடுவில் அவருடைய கிறிஸ்துமஸ் மடல்கள் இரு நாடுகளிலும் பரவின. இங்கிலாந்தில் 1870-ஆம் ஆண்டு முதல் அஞ்சல் அட்டைக்கு அரைப் பென்னியே கட்டணம் ஆயிற்று. அச்சும் மலிந்தது, அஞ்சலும் மலிந்தது. கடைக்குச் சென்றால் எவரும் வாங்கலாம். ஆனால் இந்தப் பிராங் செய்த வேறொரு காரியம் ஆசிரியனாகிய என் மனத்தைக் கவர்ந்தது. பள்ளிக் குழந்தைகளுக்கு ஓவியம் கற்பிக்கும் நூல்களையும் வண்ணங்களையும் அவர் பெருமுயற்சியுடன் வெளியிட்டார். கையின் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்தவரே, குழந்தைகளின் கை வேலையை மறந்துவிடக் கூடாது என்று எண்ணினார் போலும்!

விலைக்கு எளிதாகக் கிடைக்கும் பொருளைப் பிறகு ஏன் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டும்? இதற்கு விடை காணத் தாளை விட்டுத் துணிக்குச் செல்வோம். ஊசியின் வரலாறு மடலின் வரலாற்றைவிட மிகப் பழையது. அதில் துயரமும் மிகுதி.

ஐரோப்பாவில் தையல் கற்கும் பெண்கள், தாங்கள் கற்ற தையல் வகைகளையும் பூ வடிவங்களையும் ஒரு துணித்துண்டில் தைத்து வைத்துக்கொள்வார்கள். நாம் குறிப்பேட்டில் எழுதி வைப்பது போன்றது அது. மாதிரித் துணி என்று அதைச் சொல்லலாம். ஆண்டு பொறித்த ஆங்கில மாதிரித் துணிகளுள் இன்று நமக்குக் கிடைப்பவற்றில் மிகப் பழையது 1598-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. லண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. ஜேன் பாஸ்டாக் என்பவர் அதைத் தைத்தார். ஆலிஸ் லீ என்ற பெண் குழந்தை 1596-இல் பிறந்த செய்தியையும் நாளுடன் அதில் நூலால் பொறித்திருக்கிறார். நானூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு குழந்தை பிறந்ததற்காக ஒருவர் மகிழ்ந்தார் என்ற செய்தி, அரசாங்க ஏடு எதுவும் சொல்லாத செய்தி, ஒரு துணியால் நமக்குத் தெரிகிறது. தைத்தவர் தம் பெயரையும் ஆண்டையும் விடாமல் பொறித்தமையால் அன்றோ நாம் இதை அறிகிறோம்?

அதே லண்டனில் தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர், கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக ஓர் இல்லம் கண்டார். 1741-இல் அது குழந்தைகளை ஏற்கத் தொடங்கிற்று. வறுமையாலும் பழிச்சொல்லுக்கு அஞ்சியும் தாய்மார்கள் தம் குழந்தைகளை அங்கே ஒப்படைத்தனர். தாயின் பெயரை அங்கே கேட்பதில்லை. பிற்காலத்தில் தாய் திரும்பி வந்தால் குழந்தையை அடையாளம் காண்பது எப்படி? குழந்தையின் உடையிலிருந்து ஒரு சிறு துணியை வெட்டிப் பதிவுத் தாளில் குத்தி வைப்பார்கள். அல்லது தாயே ஓர் அடையாளப் பொருளைக் கொடுத்துச் செல்வாள். அவ்வாறு சேர்ந்த துணித்துண்டுகளுள் ஏறத்தாழ ஐயாயிரம் இன்றும் இருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கில நாட்டு ஏழைகள் எத்தகைய துணியை உடுத்தினார்கள் என்பதை அறிய அவற்றைவிடப் பெரிய சான்றுத் தொகுதி இல்லை. சீமாட்டிகளின் பட்டாடைகளை அரண்மனைகள் காத்தன. ஏழைத் தாயரின் பருத்தித் துணியை இந்தக் கண்ணீர்ப் பதிவேடுகளே காத்தன.

அவற்றுள் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1767-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஓர் ஆண் குழந்தை அங்கே ஒப்படைக்கப்பட்டது. தாய் விட்டுச் சென்ற அடையாளம், ஊசி செருகி வைக்கும் ஒரு சிறு துணி உறை. பலவகைத் துணித்துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்து, மேலே ஓர் இதய வடிவத்தையும் பூத்தையலாகப் போட்டிருந்தார்கள். அந்த உறையை நடுவே இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் குழந்தையுடன் விட்டு, மறு பாதியைத் தன்னுடன் அவள் எடுத்துச் சென்றாள். இதயமும் இரண்டாகப் பிளந்தது. 1741 முதல் 1760 வரை அந்த இல்லத்தில் சேர்ந்த குழந்தைகள் 16,282 பேர். அவர்களுள் பெற்றோர் திரும்பி வந்து மீட்டுச் சென்றவர்கள் 152 பேரே. அந்த அளவுக்கு அரிதான நிகழ்ச்சி இந்தத் தாய்க்கு வாய்த்தது. சாரா பெண்டர் என்ற அந்தத் தாய் எட்டு ஆண்டுகள் கழித்து, 1775-இல் வந்து, தன் மகனைப் பெற்றுச் சென்றாள். ஓர் ஊசி உறையின் விலை என்ன? கடைக்காரரைக் கேட்டால் ஒரு விடை கிடைக்கும். சாரா பெண்டரைக் கேட்டிருந்தால் வேறொரு விடை கிடைத்திருக்கும்.

இன்னொரு துணியும் உண்டு. அதுவும் நான் முன்பு சொன்ன அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. சஸ்ஸெக்ஸ் பகுதியில் ஒரு கூலித் தொழிலாளியின் மகளாகப் பிறந்த எலிசபெத் பார்க்கர் என்ற பெண், 1830-ஆம் ஆண்டையொட்டி அதைத் தைத்தாள். பூவும் இல்லை, கொடியும் இல்லை. வெள்ளைத் துணியில் சிவப்பு நூலால், குறுக்குத் தையலில், வரிவரியாக எழுத்துகளே நிறைந்திருக்கின்றன. தனக்கு எழுதத் தெரியாது என்ற கருத்துடன் அவள் தொடங்குகிறாள். இளமையிலேயே வீட்டு வேலைக்குச் சென்றதையும், அங்கே கொடுமைக்கு ஆளானதையும், உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்றுகூட எண்ணித் தவித்ததையும் ஒவ்வோர் எழுத்தாகத் தைக்கிறாள். கடைசி வாக்கியம் முடியாமலே நின்றுவிடுகிறது. அவள் என்ன ஆனாள் என்று அத்துணியைக் கண்டோர் கலங்கினர். ஆராய்ந்தோர் நல்ல செய்தியே சொன்னார்கள். அவள் அந்த இருளைக் கடந்து வாழ்ந்தாள். தன் ஊர்ப் பள்ளியில் ஆசிரியையானாள். எழுபத்தாறு வயது வரை இருந்து 1889-இல் காலமானாள். ஆசிரியையானாள் என்ற இடத்தைப் படித்தபோது என் கண் கலங்கியதை உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை.

ஊசிவேலை பெண்களுக்கே உரியது என்று எண்ணும் மாணவர்களுக்கும் ஒரு சொல். ஆங்கிலப் படைவீரர்கள் தங்கள் மூட்டையில் ஊசியும் நூலும் பொத்தானும் அடங்கிய ஒரு துணிச் சுருளை எடுத்துச் செல்வார்கள். இல்லாள் என்று பொருள்படும் 'ஹவுஸ்வைஃப்' என்பது அதற்கு அவர்கள் இட்ட வேடிக்கைப் பெயர். போர்க்களத்தில் கிழிந்த சட்டையைத் தைத்துத் தர வேறு யார் இருக்கிறார்கள்? படைவீடுகளில் ஓய்ந்திருந்த நாட்களில், துணியை இதய வடிவில் தைத்து, மரத்தூளை அடைத்து, பாசிமணிகளைக் குண்டூசியால் பதித்துத் தாய்க்கும் மனைவிக்கும் அனுப்பிய வீரர்கள் உண்டு. முதல் உலகப் போரின்போதும் இவ்வழக்கம் இருந்தது. துப்பாக்கி பிடித்த கைகளுக்கு ஊசி பிடிப்பது இழிவாகத் தோன்றவில்லை.

நம் நாட்டின் தென்கோடியிலும் ஊசிக்கும் நூலுக்கும் இத்தகைய கதை ஒன்று உண்டு. அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நாகர்கோவிலில், 1820-களின் தொடக்கத்தில், மார்த்தா மால்ட் என்ற ஆங்கிலப் பெண்மணி பள்ளிச் சிறுமியருக்கு ரேந்தை பின்னக் கற்பித்தார். லேஸ் என்று நாம் இன்று சொல்லும் பின்னல் வேலையே அது. அவருடைய மகளார் எலிசா, மொழியறிஞர் கால்டுவெல்லை மணந்து, இடையன்குடியில் அதே வேலையைப் பெண்களிடையே பரப்பினார். கல்வியும் உரிமையும் மறுக்கப்பட்டிருந்த குடும்பங்களின் பெண்கள், தம் கையால் காசு ஈட்ட அது வழி செய்தது. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. ரேந்தை பின்னியவர்களுக்கு அது பொழுதுபோக்கு அன்று, பிழைப்பு. அவர்கள் பின்னிய அழகிய ஓரங்கள் பெரும்பாலும் பிறர் ஆடைகளையே அலங்கரித்தன. எலிசபெத் பார்க்கரின் காலத்துச் சிறுமியருக்கோ ஊசி பெரும்பாலும் கட்டாயப் பாடம்.

ஆகவே வரலாறு நமக்குக் காட்டுவது இது: பல நூற்றாண்டுகள் ஊசியும் கத்தரியும் தேவையின் கையிலும் ஏவலின் கையிலும் இருந்தன. கட்டாயம் நீங்கி, கூலியும் கருதாமல், ஒருவருக்காக ஒருவர் விரும்பி எடுத்துக்கொள்ளும்போதுதான் அது பொழுதுபோக்கு ஆகிறது. இயந்திரம் வந்து கைவேலையை அழித்துவிட்டது என்று வருந்துவோர் உண்டு. அது முழு உண்மை அன்று. கட்டாயத்தை இயந்திரம் எடுத்துக்கொண்டு, விருப்பத்தை நம்மிடம் விட்டுச் சென்றிருக்கிறது. அந்த விருப்பத்தை நாம் பயன்படுத்துகிறோமா என்பதே கேள்வி.

என் இளமையில் தைத்திங்கள் பிறக்கும் முன்பே கடைவீதிகளில் பொங்கல் வாழ்த்து மடல்கள் கொடிகளில் தொங்கும். கரும்பும் பானையும், ஏரும் எருதும், தெய்வ உருவங்களும், திரைப்பட நடிகர்களும் அவற்றில் இருப்பார்கள். உறையை ஒட்டாமல் 'புக் போஸ்ட்' என்று எழுதி அனுப்பினால் கட்டணம் குறைவு. மடல் வாங்கக் காசில்லாத நாங்கள் படத்தாளை இரண்டாக மடித்து, வண்ணப் பென்சிலால் பானை வரைந்து, மைதாப் பசையால் வைக்கோல் துணுக்குகளை ஒட்டி அனுப்பினோம். வந்த மடல்களை நூலில் கோத்துச் சுவரில் மாட்டுவோம். இன்று கைப்பேசியில் விரலை ஒருமுறை அழுத்தினால் நூறு பேருக்கு ஒரே வாழ்த்துப் போய்ச் சேருகிறது. ஹென்றி கோல் தேடியதும் அதுவே. விரைவை நான் பழிக்கவில்லை. ஆனால் நூறு பேருக்குப் போன வாழ்த்தில் உங்களுக்கென்று தனியே எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது என் குறையைச் சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது. கைத்தொழிலின் வழியே கல்வி என்ற கொள்கையைக் காந்தியடிகள் 1937-ஆம் ஆண்டு அக்டோபரில் வார்தா மாநாட்டில் நாட்டின் முன் வைத்தார். அதைப் பயிற்சிப் பள்ளியில் நான் படித்தேன். தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். தலைமையாசிரியரானதும் என்ன செய்தேன்? எட்டாம் வகுப்புக்கு இருந்த இரண்டு கைவேலைப் பாடவேளைகளையும் எடுத்துக் கணக்குக்குக் கொடுத்தேன். தேர்ச்சி விழுக்காடே அப்போது என் கண்ணில் பட்டது.

அந்த ஆண்டில் என் தாயார் காலமானார். விடுப்பு முடிந்து நான் பள்ளிக்குத் திரும்பிய நாளில், அந்த வகுப்பு மாணவன் ஒருவன் என் அறை வாயிலில் நின்றான். கட்டுரை ஏட்டில் ஐந்து வரிக்குமேல் எழுதியறியாதவன் அவன். நானே பலமுறை கண்டித்திருக்கிறேன். ஒன்றும் பேசாமல் மடித்த படத்தாள் ஒன்றை என் மேசைமீது வைத்துவிட்டு ஓடிவிட்டான். திறந்து பார்த்தேன். பழைய துணியில் ஒரு திண்ணையை வெட்டி ஒட்டியிருந்தான். அதன்மேல் ஒரு மூதாட்டி அமர்வதற்குரிய பாய், கறுப்பு நூலால் தைத்தது. பாயில் எவரும் இல்லை. ஒரு சொல்லும் எழுதவில்லை. என் துயரத்திற்கு வந்த கடிதங்களுள் அதைப்போல் என்னை அறிந்து எழுதிய கடிதம் வேறில்லை.

மறுவாரம் ஒரு கைவேலைப் பாடவேளையைத் திருப்பிக் கொடுத்தேன். மற்றொன்றைத் தேர்வு முடியட்டும் என்று நிறுத்தி வைத்தேன். அது திரும்பவே இல்லை. நான் ஓய்வு பெறும் நாள்வரை அப்படியே இருந்தது.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு நான் பெரிய அறிவுரை எதுவும் சொல்லப் போவதில்லை. வருகிற பொங்கலுக்கோ, ஒரு நண்பரின் பிறந்த நாளுக்கோ ஒரே ஒரு மடலை உங்கள் கையால் செய்து பாருங்கள். கெட்டியான தாள் ஒன்றை இரண்டாக மடியுங்கள். மடிக்குமுன் அளவுகோலை வைத்து, மை தீர்ந்த பேனா முனையால் ஒரு கோடு அழுத்திவிட்டால் மடிப்பு நேராக விழும். அல்லது தையற்கடையில் எஞ்சிய துணித்துண்டுகளைக் கேட்டு வாங்கி, ஓட்டுத் தையலில் ஒரு கண்ணாடி உறையோ, காசுப் பையோ தையுங்கள். முதலில் கோணத்தான் செய்யும். அதற்காக வெட்கப்பட வேண்டாம். என் தாயாரின் பை இன்றும் கோணலாகத்தான் இருக்கிறது.

செய்து முடித்ததும் ஒரு காரியத்தை மறவாதீர்கள். பின்புறத்தில் உங்கள் பெயரையும், நாளையும் ஆண்டையும் எழுதுங்கள்; துணியாயின் நூலால் பொறியுங்கள். ஜேன் பாஸ்டாக் 1598 என்று பொறித்தார்; நாம் அவரை அறிவோம். எழுதத் தெரியாத என் தாயார் எதையும் பொறிக்கவில்லை. அந்தப் பையில் எந்தச் சேலையின் கரை இருக்கிறது, எத்தனை இரவுகள் அமர்ந்து அதைத் தைத்தார் என்பதை அவர் இருந்தபோது நான் கேட்கவும் இல்லை. வரலாற்று ஆசிரியன் ஒருவன், தன் கையிலிருந்த ஆவணத்திடமே கேள்வி கேட்கத் தவறினான். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இத்தகைய பொருள் ஒன்று இருக்கும். அதைச் செய்தவர் உங்கள் அருகிலேயே இருப்பாரானால், இன்று மாலையே அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.